விளம்பரம் சொல்லும் எடை, கதவு சொல்லும் எடை

2012 அக்டோபரில் எண்டெவர் விண்கலத்தை லாஸ் ஏஞ்சலிஸ் வீதிகள் வழியாக அறிவியல் மையத்துக்குக் கொண்டுபோனார்கள். வழியில் 405 நெடுஞ்சாலைக்கு மேலுள்ள பாலத்தில் அதை இழுத்துச் சென்றது ஒரு டொயோட்டா டன்ட்ரா. தாங்கு வண்டியோடு சேர்த்து ஏறக்குறைய 130 டன். 2019இல் ஃபோர்டு நிறுவனம் தன் மின்சார எஃப்-150 முன்மாதிரியைக் கொண்டு பத்து ரயில் பெட்டிகளை இழுத்துக் காட்டியது. பத்து லட்சம் பவுண்டுக்கும் மேல்.

இரண்டும் உண்மையில் நடந்தவைதான். ஆனால் சமதளத்தில், நடைவேகத்தில், சக்கரத்தின் மேல் நிற்கும் பொருளை நகர்த்தப் பெரிய விசை தேவையில்லை. தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது அது இன்னும் குறைவு. ஏற்றத்தில் எஞ்சின் சூடாகாமல் தாங்குமா, இறக்கத்தில் பிரேக் பிடிக்குமா, பக்கக் காற்றில் டிரெய்லர் ஆடுமா என்பதெல்லாம்தான் காசு கொடுத்து வாங்குகிறவரின் கேள்விகள். இந்த விளம்பரங்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

அமெரிக்காவில் ஃபோர்டின் எஃப் வரிசைதான் 1977இலிருந்து அதிகம் விற்கும் பிக்கப். செவ்ரலே சில்வராடோ, ராம் 1500, டன்ட்ரா ஆகியவை அதன் போட்டியாளர்கள். நான்கையும் டெக்சாஸில் ஓட்டிப் பார்த்தேன், காலியாகவும் டிரெய்லர் மாட்டியும். எதுவுமே மோசமான வண்டி இல்லை. அதனால்தான் விளம்பரச் சண்டை முழுக்க எண்களில் நடக்கிறது.

ஒரு காலத்தில் இழுவைத் திறனை ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிப்படி அளந்து வெளியிட்டது. எஸ்ஏஇ ஜே2807 என்ற பொது அளவுகோல் வந்த பிறகுதான் ஒப்பிடவே முடிந்தது. அதன் கடினமான பகுதி அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றம்: சுமார் 18 கிலோமீட்டர் நீளம், 38 டிகிரி வெயில், ஏசி முழுவேகத்தில், முழுச் சுமையோடு மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். டொயோட்டா இதை 2011 மாடலிலேயே ஏற்றுக்கொண்டது. அதனால் தன் எண்ணைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஃபோர்டு, செவ்ரலே, ராம் ஆகிய டெட்ராய்ட் நிறுவனங்கள் 2015 மாடல்களில்தான் வழிக்கு வந்தன. அந்த நான்கு ஆண்டுகள் போட்டியாளர்களைவிடச் சிறிய எண்ணோடு சந்தையில் நின்ற டொயோட்டாவின் துணிவை, விண்கலத்தை இழுத்ததைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

இன்றைய எண்கள் நேர்மையானவை, ஆனால் முழுமையானவை அல்ல. எஃப்-150 அதிகபட்சம் 13,500 பவுண்டு இழுக்கும் என்றால், குறிப்பிட்ட எஞ்சினும் அதிகபட்ச இழுவைப் பேக்கேஜும் பொருத்திய வண்டிக்கு மட்டுமே அது பொருந்தும். சில்வராடோவின் 13,300க்கும் இதே கதைதான். ஷோரூமில் நிற்கும் வண்டி பெரும்பாலும் அதுவாக இருக்காது.

எனவே ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இவ்வளவு எடையைத் தாண்டக் கூடாது என்று கிலோவிலும் பவுண்டிலும் போட்டிருக்கும். அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அந்த ஒரு வண்டிக்கு மட்டும் உரிய கணக்கு. சன்ரூஃப், மின்சார இருக்கைகள், பெரிய சக்கரங்கள், நாற்சக்கர இயக்கம் என்று சேரச் சேர எண் இறங்கும். தோல் இருக்கைகளோடு மினுக்கிக்கொண்டிருந்த ஓர் உயர்ரக வண்டியில் நான் பார்த்தது 1,450 பவுண்டு, அதாவது சுமார் 658 கிலோ.

இனி கூட்டிப் பாருங்கள். டிரெய்லர் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை ஹிட்ச் வழியாக வண்டியின் மேலேயே இறங்கும். 13,000 பவுண்டு டிரெய்லருக்குக் குறைந்தபட்சமே 1,300 பவுண்டு. மீதி 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. ஓட்டுநர் ஒருவர் ஏறினாலே தீர்ந்தது. மனைவி, பிள்ளைகள், தண்ணீர் கேன் எதற்கும் இடமில்லை. 9,000 பவுண்டு டிரெய்லர் என்றால், அதே குறைந்தபட்சக் கணக்கில், இரண்டு பேராவது உட்கார முடியும். இழுவைத் திறன் தீருவதற்கு வெகுமுன்பே ஸ்டிக்கர் சொல்லும் சுமைத் திறன் தீர்ந்துவிடுகிறது. இதைச் சொல்லாமல் குடும்பப் பயணத்தைப் படம்பிடித்து விற்பது எனக்குக் கோபம் தருகிறது; இந்த எடைக்கணக்கில் தவறுகிறவர்கள் பிள்ளைகளோடு மலைப்பாதையில் இறங்குகிறார்கள்.

உடல் எதனால் ஆனது என்ற சண்டையும் உண்டு. ஃபோர்டு 2015 மாடலில் அலுமினியத்துக்கு மாறி 700 பவுண்டு வரை எடை குறைத்தது. அடுத்த ஆண்டே செவ்ரலே ஒரு விளம்பரம் எடுத்தது. ஐந்தடி உயரத்திலிருந்து 825 பவுண்டு கான்கிரீட் கட்டிகளை இரு வண்டிகளின் சரக்குப் பெட்டியிலும் கொட்டியது. ஃபோர்டின் அலுமினியத்தில் ஓட்டை விழுந்தது, செவ்ரலேயின் எஃகு நெளிந்தது. சோதனை மெய். ஆனால் கல் ஏற்றுகிறவர்கள் பெட்டியின் தரையில் தடித்த ரப்பர் பூச்சு அடித்துத்தான் ஏற்றுவார்கள். பனிக்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் வடமாநிலங்களில் அலுமினியம் துருப்பிடிக்காது என்பதை அந்த விளம்பரம் ஏன் சொல்லப்போகிறது?

ஓட்டும்போது ராம் தனித்துத் தெரிகிறது. பின்பக்கம் பட்டை வில்லுக்குப் பதில் சுருள்வில் 2009 மாடலிலிருந்தே இருக்கிறது. காலி வண்டியிலும் குலுக்கல் குறைவு. புதிய ஆறு சிலிண்டர் எஞ்சினின் உயர்வகை 540 குதிரைத்திறன் தருகிறது, இழுவை எண் மட்டும் போட்டியாளர்களைவிடக் குறைவு. அதில் எனக்குக் குறையில்லை. சில்வராடோவின் 3 லிட்டர் டீசல் வெறும் 305 குதிரைத்திறன்தான். ஆனால் நிமிடத்துக்கு 2,750 சுற்றிலேயே முழு முறுக்குவிசையும் வந்துவிடுவதால் ஏற்றத்தில் கியர் மாற்றித் தடுமாறுவதில்லை. டிரெய்லரோடு நீண்ட தூரம் போகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

எஃப்-150 ஹைபிரிடில் 7.2 கிலோவாட் மின்சாரம் எடுக்கலாம் என்பதையும் வெறும் விளம்பரமாக நினைத்தவர்கள் உண்டு. 2021 பிப்ரவரி பனிப்புயலில் டெக்சாஸ் இருண்டபோது உரிமையாளர்கள் அதிலிருந்து வீட்டு ஹீட்டரையும் ஃபிரிட்ஜையும் ஓட்டினார்கள். டீலர்கள் தங்களிடம் நின்ற வண்டிகளையும் கொடுத்து உதவும்படி ஃபோர்டே கேட்டுக்கொண்டது. வேலைத்தளத்தில் ரம்பமும் வெல்டிங் இயந்திரமும் ஓட்டுகிறவர் தனி ஜெனரேட்டரை விற்றுவிடலாம்.

எதை வாங்கினாலும், முன்பணம் கட்டுவதற்குமுன் அந்த வண்டியின் கதவு ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதே மாடலில் பக்கத்தில் நிற்கும் வண்டியின் ஸ்டிக்கர் உதவாது.