'எக்ஸ்பிரஸ் ரக்யாட்': ஒரு பெயரின் நயம்

நயம் எழுதச் சொன்னால் "இனிமையாக உள்ளது, மனத்தைத் தொடுகிறது"ன்னு முடிச்சிடுறீங்களா? அப்படியானால் கெம்பாரா குழுவின் முதல் இசைத்தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள். எம். நாசிர், ஏ. அலி, எஸ். சஹ்லான் மூவரும் பாடிய மலாய் நாட்டார் ராக் இசை. 1981இல் பாலிகிராம் என்னும் பெரிய நிறுவனம் வெளியிட்டது.

அதிலுள்ள 'எக்ஸ்பிரஸ் ரக்யாட்' பாட்டின் தலைப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது உண்மையாகவே ஓடிய ரயிலின் பெயர். நம் கமுந்திங் வழியே போகும் மேற்குக் கரைத் தண்டவாளம் இருக்கே, அந்தத் தடத்து ரயில். 'ரக்யாட்' என்றால் மக்கள். ரயில்வே வைத்தபோது அது வெறும் விளம்பரப் பெயர். சாதாரணப் பயணி ஒருவன் பாடும்போதோ அந்தச் சொல் அவனுக்கே சொந்தமாகிவிடுகிறது. நயம் இங்கேதான் இருக்கு. 'ஒரு பயணம்' என்று பொதுவாகத் தலைப்பு வைத்திருந்தால் இது கிடைத்திருக்காது.

குறையும் எழுதலாம், மார்க் குறையாது! மெட்டு உல்லாசமானது, பயணத்தின் அலுப்பை அது மறைத்துவிடுகிறது என்பேன். நீங்கள் மறுக்கலாம். ஆனால் பாட்டிலிருந்தே காரணம் காட்டணும்.

ஆசிரியர்களே, தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போன குடும்பங்கள் இங்கே நிறைய. தாத்தா பாட்டி ஏறிப்போன பஸ், ரயில் பெயரை வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். அந்தப் பெயரையே தலைப்பாக்கி எட்டு வரி எழுதட்டும்.