போரும் அறமும்: ஹெமிங்வேயும் ப. சிங்காரமும்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவை அடுத்துள்ள ஃபேரர் பார்க் திடலில், 1942 பிப்ரவரி 17 அன்று பிரிட்டிஷ் இந்தியப் படைவீரர் பல்லாயிரவர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். ஏற்ற உறுதிமொழியைக் காப்பதா, நாட்டு விடுதலைக்காக அதனைத் துறப்பதா என்னும் அறச்சிக்கல் அவர்கள்முன் நின்றது. இந்திய தேசிய இராணுவம் அச்சூழலில் உருவாயிற்று. அதில் பணியாற்றி மீண்ட இளைஞனை நாயகனாக்கித் தமிழில் நாவல் படைத்தவர் ப. சிங்காரம் (1920–1997).

அவர் அமெரிக்க நாவலாசிரியர் எர்னஸ்ட் ஹெமிங்வேயை விரும்பிப் படித்தவர். ஆதலின் இருவரையும் ஒப்பிடுதல் இயல்பே. போரை வீரப்புகழ்ச்சியாக்காத உரைநடையில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். அறநோக்கில் வேறுபடுகின்றனர் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஹெமிங்வேயின் ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ (1929) நாவலின் நாயகன் ஃபிரெடரிக் ஹென்றி, இத்தாலியப் படையின் ஆம்புலன்ஸ் பிரிவு அதிகாரி. 1917ஆம் ஆண்டின் கபரெட்டோ பின்வாங்கலின்போது, தன் ஆணையை மீறி அகன்ற சார்ஜென்ட் ஒருவனைச் சுடுகிறான். பின்னர்த் தானே படையை விட்டுத் தப்பியோடுகிறான். பிறனுக்கு விதித்த தண்டனை தனக்கும் பொருந்துமா என்னும் வினாவை அவன் எழுப்புவதில்லை. நாடு, புகழ் முதலிய பெருஞ்சொற்களில் நம்பிக்கையிழந்த அவனுக்குத் தன் உணர்வே அறத்தின் அளவுகோலாகிறது.

சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ (1959) நாவலில் நிலை வேறு. செல்லையா, பினாங்கு வட்டிக்கடை முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதத்தை விரும்புகிறான். ஆயுதம் ஏந்தியவன் வட்டித்தொழிலுக்கு ஆகான் எனக் கருதும் பிள்ளை, பெண் தர மறுக்கிறார். அவர் கொடியவர் அல்லர். பொறுமையையும் பணிவையும் முதலாகக் கொண்ட தொழிலின் ஒழுக்கப்படி முடிவெடுப்பவர். செல்லையாவும் உடன்போக்கை நாடாமல் இழப்பை ஏற்று மனத்தைக் காக்கிறான். ஹென்றியின் அறம் தனிமனிதனுக்குள் அடங்குவது; செல்லையாவின் அறமோ சமூகத்தின் தீர்ப்பைத் தாங்கி நிற்பது. இரு நியாயங்கள் மோதுவதே இந்நாவலின் வலிமை எனலாம்.

எனினும் குறையொன்று உண்டு. மரகதத்தின் விருப்பம் அத்தீர்ப்பில் எடைபெறவில்லை. பிள்ளைப்பேற்றில் இறக்கும் ஹெமிங்வேயின் கேதரினும் இறுதியில் ஹென்றியின் துயரமாகவே எஞ்சுகிறாள். இருவகை அறங்களிலும் பெண்ணின் தேர்வுக்கு இடமில்லை என்பது ஒப்பீட்டில் தெளிவாகிறது.

எஸ்பிளனேட் பூங்காவில் எழுந்த இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னம் 1945இல் பிரிட்டிஷாரால் தகர்க்கப்பட்டது. 1995இல் அவ்விடத்தில் நினைவுக்குறி நிறுவப்பட்டது. மாண்டவரை இவ்வாறு போற்றுதல் எளிது. மீண்டு வந்தவனுக்குச் சமூகம் செய்யவேண்டுவது யாது? இந்நாவலைப் போர்க்காலக் காதற்கதையாக மட்டும் கற்பியாமல், இவ்வினாவையும் மாணவர்முன் வைப்பது தமிழாசிரியர் கடனாகும்.