நாள்வழியும் பேரேடும்

தனக்கென்று ஒரு வலைத்தளம் வைத்திருக்கும் எழுத்தாளன் அதன் தோற்றத்தை மாற்றுவதில் நாட்களைச் செலவிட்டால், நம் வட்டத்தில் அதை ஒரு பலவீனமாகத்தான் பார்க்கிறோம். எழுத வேண்டியவன் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறான் என்று கேலி செய்கிறோம். உருவம், உள்ளடக்கம் என்று இத்தனை வருஷங்களாகச் சண்டை போட்டவர்கள் நாம். எழுத்து எந்தப் பக்கத்தில், எந்த வரிசையில், எதற்கு அருகே நின்று வாசகனைச் சந்திக்கிறது என்ற கேள்வியை மட்டும் உருவத்தைச் சேராத விஷயமாக ஒதுக்கிவிட்டது விசித்திரம்தான். தளத்தை மாற்றி அமைப்பது ஒரு விமர்சனக் காரியம் என்பது என் கட்சி. வலைப்பதிவில் எழுதும் உற்சாகம் நம்மில் பலருக்கு வற்றிப்போனதற்கும், சிலருக்குத் திரும்பி வருவதற்கும் காரணத்தை இந்த அமைப்பிலேயே தேட வேண்டும்.

முதலில் சில தகவல்கள். 1990ல் செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் உலாவியில் பக்கங்களைப் படிக்கவும் முடியும், எழுதித் திருத்தவும் முடியும். படிக்கிறவனும் எழுதுகிறவனும் ஒரே கருவியின் முன் உட்கார்ந்திருந்தார்கள். 1993ல் வெளியாகி உலகெங்கும் பரவிய மொஸைக் படிப்பதற்கான கருவியாகவே வந்தது. எழுதுவது தனிக் காரியமாயிற்று. ஆனாலும் 1994ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஜஸ்டின் ஹால் போன்றவர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் கையால் கட்டித் தங்கள் வாழ்க்கையை அதில் எழுதினார்கள். ஜியோசிட்டீஸ் என்ற நிறுவனம், தன்னிடம் வந்தவர்களுக்குப் பேட்டையின் பெயரும் கதவு எண்ணும் கொடுத்து இலவசமாக இடம் ஒதுக்கியது. அந்தப் பக்கங்களின் தோற்றத்தைப் பார்த்து இன்று சிரிக்கலாம். எது முதலில், எது உள்ளே, எதிலிருந்து எதற்கு வழி என்பதையெல்லாம் எழுதியவரே தீர்மானித்தார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

1997ல் யோர்ன் பார்கர் 'வெப்லாக்' என்ற சொல்லை உண்டாக்கினார். 'லாக்' என்பது கப்பலில் அன்றன்று எழுதிவைக்கும் பதிவேடு. 1999ல் பிளாகர், 2001ல் மூவபிள் டைப், 2003ல் வேர்ட்பிரஸ் என்று கருவிகள் வந்தன. பெட்டியில் எழுதிப் பொத்தானை அழுத்தினால் போதும். தேதியிட்டு, புதியதை மேலே வைத்து, பழையதைக் கீழே தள்ளும் வேலையைக் கருவி பார்த்துக்கொண்டது. தமிழுக்கு இதனால் கிடைத்தது கொஞ்சமல்ல. ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவைக் கேட்டுக்கொண்டிருந்த நிலை யூனிகோட் பரவியதால் மாறியதும், இந்தக் கருவிகள் நம் கைக்கு எட்டியதும் ஏறக்குறைய ஒரே காலத்தில். 2004ல் தமிழ்மணம் திரட்டி வந்தபோது, எந்தப் பத்திரிகை ஆசிரியரின் தயவும் இல்லாமல் எழுதியவர்களை ஒரே இடத்தில் பார்க்க முடிந்தது. சில நூறு பிரதிகளுக்குக் காகிதம் வாங்கக் கடன்பட்டவர்களின் சரித்திரம் உள்ள மொழியில் இது சாதாரண விஷயமில்லை.

ஆனால் அந்தச் சௌகர்யத்தோடு ஒரு வரிசையும் வந்து சேர்ந்தது. வங்கியில் வேலை பார்ப்பவனுக்குப் 'பதிவு' என்ற சொல் புதிதல்ல. பழைய கடைக் கணக்கில் இரண்டு புத்தகங்கள் உண்டு. அன்றன்றைய வரவு செலவை நடந்த வரிசையில் எழுதுவது நாள்வழி. அதிலிருந்து எடுத்து ஆள்வாரியாக, இனவாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்பதை நாள்வழி சொல்லும். இன்னாரிடம் நமக்கு எவ்வளவு பாக்கி என்பதை அது சொல்லாது. பேரேட்டில் ஏறாதவரை எந்தக் கணக்கும் முடிந்ததாக ஆகாது.

வலைப்பதிவுக் கருவி நமக்குக் கொடுத்தது நாள்வழி மட்டும். அதுவும் தலைகீழ் நாள்வழி. பகுப்புகள் இருந்தன என்று சொல்லலாம். அந்தப் பகுப்புக்குள்ளும் கட்டுரைகள் தேதி வரிசையிலேயே கொட்டிக்கிடந்தன. மேலே இருப்பது புதியது, ஆகவே முக்கியமானது என்ற எண்ணத்தை வாசகனுக்கு முன்னால் எழுதுகிறவனே ஏற்றுக்கொண்டான். மூன்று வாரம் எழுதாவிட்டால் தளம் செத்துக்கிடக்கிறது என்ற உறுத்தல். உறுத்தலைத் தீர்க்க ஒரு பதிவு. விமர்சனம் மாதிரியான எழுத்துக்கு இது நல்லதல்ல. ஒரு படைப்பாளியைப் பற்றி நான்கு தடவை நான்கு கோணத்தில் யோசித்தவன் நான்கு சிதறல்களை விட்டுச்செல்கிறான். அவை ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதேயில்லை.

முகநூல் வந்து வலைப்பதிவை ஒழித்தது என்று சொல்வது வழக்கம். பாதிதான் உண்மை. 2006ல் முகநூல் தன் செய்தி ஓடையை ஆரம்பித்தபோது, தேதிக்குக் கட்டுப்பட்ட எழுத்தும் அதற்குப் பழகிய எழுத்தாளர்களும் ஏற்கனவே தயாராக இருந்தார்கள். பின்னால் அந்த வரிசையையும் நிறுவனமே கணக்கிட்டுத் தீர்மானிக்கத் தொடங்கியது. தனித்தளங்களைத் தொடர்ந்து படிக்கப் பலர் பயன்படுத்திவந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. நம்மில் பலர் எழுத்தைச் சமூக வலைத்தளங்களுக்குக் கொண்டுபோனோம். ஒரு நாவலைப் பற்றி ஆறு வருஷங்களுக்கு முன்னால் அங்கே நடந்த நல்ல விவாதம் ஒன்றை இன்று தேடிப்பாருங்கள், நான் சொல்வது புரியும்.

என் தளம் 2011ல் துவங்கியது. நூற்று முப்பதுக்கு மேல் பதிவுகள். 2019க்குப் பிறகு எதுவும் இல்லை. சென்ற ஆண்டு, வங்கிக்கு விடுமுறையான இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் அதைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டினேன். வேலையின் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரிவது. கிடைக்கிற வார்ப்புருக்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. தலைப்பைப் பெரிய எழுத்தாக மாற்றும் கட்டளைக்குத் தமிழில் வேலை இல்லை. புத்தகப் பெயரைச் சாய்வெழுத்தில் போடச் சொன்னால், சாய்வு வடிவம் வரையப்படாத எழுத்துருவை உலாவி தானே பிடித்துச் சாய்க்கிறது. 'ழ' தள்ளாடிக்கொண்டு நிற்கிறது. ஒற்றை மேற்கோள் குறி போதும் என்று நம் பழைய அச்சகங்கள் முடிவு செய்திருந்தது சரி. 'கீ'யில் மேலே ஏறும் சுழியும் 'கூ'வில் கீழே இறங்கும் வளைவும் இடம் கேட்கின்றன. ஆங்கில வரிகளுக்குப் போதுமான இடைவெளி தமிழுக்கு மூச்சு முட்டும். இரண்டு ஓரங்களையும் சமன் செய்தால், 'நிரூபிக்கப்படவேண்டியிருக்கிறது' மாதிரி ஒரு சொல் கைப்பேசித் திரையில் அடுத்த வரிக்குப் போய்விட, அது விட்டுப்போன வரியில் பொத்தல்கள் விழுகின்றன. ஓரத்தைச் சமன் செய்யாமல் விட்டேன். அதோடு, அப்படி ஒரு சொல்லை எழுதத்தான் வேண்டியிருந்ததா என்றும் கேட்டுக்கொண்டேன். பக்கத்தைத் திருத்த உட்கார்ந்தவன் வாக்கியத்தைப் பார்க்க ஆரம்பிக்கிறான்.

இரண்டாவது பகுதி வரிசை. முகப்பிலிருந்து தேதியை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் எழுதிய வருஷம் இருக்கிறது, அது போதும். எழுதியவை அனைத்தையும் படைப்பாளி வாரியாகவும் பிரச்னை வாரியாகவும் பிரித்தேன். இதற்காக நூற்று முப்பதையும் வரிக்கு வரி படிக்க வேண்டியிருந்தது. ஆசிரியர்குழு இல்லாத எழுத்துக்கு இது ஒன்றுதான் ஆசிரியர்குழு.

ஓர் உதாரணம். மௌனியைப் பற்றி 2012ல் ஒரு கட்டுரை, 2018ல் ஒன்று. முதலாவது அவருடைய மொழியைப் பற்றியது: முடிய மறுக்கும், இலக்கணத்தோடு ஒத்துப்போகாத அந்த வாக்கியங்களே கதையின் அனுபவம் என்பது அதன் வாதம். இரண்டாவது பெண்களைப் பற்றியது. 'அழியாச்சுடர்', 'பிரபஞ்ச கானம்' போன்ற கதைகளில் பெண் பார்க்கப்படுகிறாள், கேட்கப்படுகிறாள். தன் பக்கத்திலிருந்து அவள் ஒரு வார்த்தை சொல்லக் கேட்பது அபூர்வம். தேதி வரிசையில் இவ்விரண்டுக்கும் இடையே ஆறு வருஷமும் எண்பது பதிவுகளும் கிடந்தன. ஒரே பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒரே பிரச்னையின் இரண்டு முனைகளாகத் தெரிந்தன. எதிரே நிற்கும் பெண்ணை நெருங்க முடியாத ஆணின் பிரக்ஞைதானே அந்த முடியாத வாக்கியம்? அப்படியானால் அந்த மொழியின் அழகு எதை விலையாகக் கொடுத்து வாங்கப்பட்டது? மூன்றாவது கட்டுரையை எழுதாமல் அந்தப் பக்கத்தை மூட முடியவில்லை. ஐந்து வருஷத்துக்கு மேலாகத் தளத்தில் எதையும் எழுதாதவனுக்கு அதை எழுத இரண்டு இரவுகள் ஆயின. உற்சாகம் என்று நான் சொல்வது இதைத்தான். விருப்பக்குறிகளை எண்ணும்போது வருவது வேறு சரக்கு.

இது பொழுதுபோகாத இளைஞர்களின் காரியம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பெயர்கள். 1998ல் நோபல் பரிசு பெற்ற ஜோஸே சரமாகோ, 2008 செப்டம்பரில், எண்பத்தைந்து வயதில் வலைப்பதிவு தொடங்கினார். அந்தப் பதிவுகள் அடுத்த வருஷம் புத்தகமாக வந்தன. இத்தாலியில் அவர் நூல்களை வெளியிட்டுவந்த எய்னாவுதி பதிப்பகம், அப்போதைய பிரதமர் பெர்லுஸ்கோனியின் குடும்பம் கட்டுப்படுத்திய குழுமத்தைச் சேர்ந்தது. புத்தகத்தில் பெர்லுஸ்கோனியைச் சாடும் பகுதிகள் இருந்தன. எய்னாவுதி வெளியிட மறுத்தது. வேறொரு பதிப்பகம் வெளியிட்டது. சொந்தப் பக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நோபல் பரிசு பெற்றவரின் இந்த அனுபவம் போதும்.

உர்சுலா லெ க்வின், வாசகர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தால் வலைப்பதிவுப் பக்கமே போகாமல் இருந்தவர். சரமாகோவின் பதிவுகளைப் படித்த பிறகு, 2010ல், எண்பதைக் கடந்த வயதில் எழுதத் தொடங்கினார். முதுமையைப் பற்றி, இலக்கிய வியாபாரத்தைப் பற்றி, வீட்டுப் பூனையைப் பற்றி. தேர்ந்தெடுத்த பதிவுகள் 2017ல் புத்தகமாயின. சரமாகோவின் புத்தகம் மாத வரிசையிலேயே இருக்கிறது. லெ க்வின் புத்தகத்தில் தேதிவரிசை கலைக்கப்பட்டு, பொருள்வாரியாகப் பகுதிகள் அமைந்திருக்கின்றன. சரமாகோவுக்கு நாள்வழி பொருத்தம்தான். அன்றைய அரசியல்மீது அன்றே எழும் கோபத்துக்குத் தேதி வேண்டும். முதுமையைப் பற்றி யோசிப்பவருக்குத் தேதியால் என்ன பிரயோஜனம்? எந்த எழுத்துக்கு எந்தப் புத்தகம் என்பதை எழுத்தின் சுபாவம் தீர்மானிக்க வேண்டும். கருவி தீர்மானித்ததுதான் வலைப்பதிவின் சோகம்.

இந்தப் பிரச்னை கணினியோடு வந்ததுமல்ல. மொந்தேய்ன் தன் கட்டுரைகளை 1580ல் முதலில் பிரசுரித்தார். 1588ல் வந்த பதிப்பில் புதிய பகுதிகள் சேர்ந்தன. அதன் ஓரங்களிலும் 1592ல் சாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். புதிதாகத் தோன்றியதைப் பழைய கட்டுரைக்குள்ளேயே சேர்த்தார். பழைய மொந்தேய்னும் புதிய மொந்தேய்னும் ஒரே பத்தியில் முரண்பட்டு நிற்பதே அந்த எழுத்தின் உயிர். அவரிடம் இருந்தது பேரேடு.

மறுதரப்பு வாதங்கள் உண்டு. தனித்தளத்தில் எழுத்தைத் திருப்பி அனுப்ப ஆள் இல்லை. க.நா.சு. 'இலக்கிய வட்டம்' நடத்தியபோதும், செல்லப்பா 'எழுத்து' நடத்தியபோதும், அது ஏறக்குறைய ஒரு மனிதரின் பத்திரிகையாக இருந்தாலும் மற்றவர்களின் எழுத்து அதற்குள் வந்தது, சண்டையும் உள்ளேயே நடந்தது. தனித்தளத்தில் அது இல்லை. இதை நான் மறுக்கவில்லை. ஆகவேதான் தளங்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், ஒருவர் கட்டுரைக்கு மற்றவர் தன் பக்கத்தில் மறுப்பு எழுதி வழி போட வேண்டும் என்கிறேன்.

இதைவிடக் கனமான வாதம் ஒன்று இருக்கிறது. சொந்தத் தளம் என்பதும் வாடகை இடம்தான். பெயருக்கு வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். கட்டுகிறவன் செத்தால் அதிக காலம் தாங்காது. 2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸை மூடியபோது ஏராளமான பக்கங்கள் இணையத்திலிருந்து போயின. தன்னார்வலர்களும் இணைய ஆவணக் காப்பகமும் முந்திக்கொண்டு நகலெடுத்ததால் ஒரு பகுதி மிஞ்சியது. 'எழுத்து' 1970ல் நின்றது. ஆனால் அதன் இதழ்களைக் கட்டுக் கட்டாக வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் தளங்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

என் தளத்தைத் தரவுத்தளம் எதுவும் தேவைப்படாத வெறும் பக்கங்களாக மாற்றியதற்கு இதுதான் காரணம். முழுத் தளமும் ஒரே கோப்புறை. ஒரு பென் டிரைவில் அடங்கும், எந்த உலாவியிலும் திறக்கும். மூன்று நண்பர்களிடம் பிரதி இருக்கிறது. அவர்களில் இருவரின் தளங்கள் என்னிடம் இருக்கின்றன. மூன்றாமவர் இன்னும் சமூக வலைத்தளத்தில்தான் எழுதுகிறார். அவரிடமிருந்து வாங்கிவைக்க எதுவும் இல்லை. அவர் எழுதியவற்றில் சில, நம் தலைமுறையின் நல்ல விமர்சனங்கள் என்பது என் அபிப்பிராயம். ஆதாரம் காட்டு என்றால் என்னால் முடியாது.

தளத்தைத் திருப்பிக் கட்டிய பிறகு ஏழு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் நான்கு பழைய கட்டுரைகளுக்குள்ளேயே சேர்ந்துவிட்டன, ஆகவே புதிதாக ஒன்றும் எழுதவில்லை என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். அவை தேறுமா என்பதை நான் சொல்லிப் பயனில்லை. மறுப்பிருந்தால் உங்கள் பக்கத்தில் எழுதுங்கள். மௌனிக்கான பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.