கிறித்து பிறப்புவிழா அருளுரை - ஒரு திறனாய்வு

தமிழ் உரைநடையின் வளர்ச்சியை ஆராயப் புகுவோர் இதழ்களையும் புதினங்களையும் எண்ணும் அளவுக்கு அருளுரையை எண்ணுவதில்லை. பேசி முடிந்ததும் காற்றோடு கலந்துவிடும் ஒன்றை இலக்கியம் எனக் கொள்வது எங்ஙனம் என்னும் தயக்கம் அவர்களுக்கு உண்டு போலும். அச்சேறிய தொடக்கத் தமிழ் நூல்களைப் பார்ப்போர்க்கு அத்தயக்கம் நில்லாது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்டது. எட்டாண்டு கழித்து, 1586இல், ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் முத்துக்குளித்துறை மக்களுக்கென வெளியிட்ட 'அடியார் வரலாறு' அறுநூறு பக்கங்களைத் தாண்டிய பெருநூல். அது திருச்சபையின் திருநாள்களையும் அடியார் நினைவுநாள்களையும் ஒட்டி அமைந்தது. ஆண்டு முழுமைக்கும் மக்கள் முன் எதைச் சொல்வது என்னும் வினாவுக்கு, நானூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் ஒரு விடை எழுதப்பட்டிருந்தது என்பதே இதன் பொருள்.

ஆசிரியர்க்கு இது புதிய செய்தியன்று. ஆண்டுப் பாடத்திட்டம் இன்றி வகுப்பிற்குள் நுழைபவர் அன்றன்று வாய்க்கு வந்ததைக் கற்பிப்பார். அருளுரையாளரின் நிலையும் அதுவே. திருச்சபையின் ஆண்டு சனவரியில் தொடங்குவதில்லை. கிறித்து பிறப்புவிழாவுக்கு முந்திய நான்காம் ஞாயிற்றில், திருவருகைக் காலத்தோடு தொடங்குகிறது. 1969இல் கத்தோலிக்கத் திருச்சபை வெளியிட்ட வாசகத் திட்டம் மூன்றாண்டுச் சுழற்சி உடையது. முதலாண்டு மத்தேயு, இரண்டாமாண்டு மாற்கு, மூன்றாமாண்டு லூக்கா என நற்செய்திகள் முறைவைத்து வரும். அதனை அடியொற்றியே சீர்திருத்தச் சபைகள் பலவும் 1992இல் தங்களுக்கென ஒரு பொதுத் திட்டத்தைப் பெற்றன.

இங்கே ஓர் இடர் உண்டு. ஞாயிறுகள் மாறினாலும் கிறித்து பிறப்பு நள்ளிரவின் வாசகம் மாறுவதில்லை. ஒவ்வோராண்டும் லூக்காவின் இரண்டாம் அதிகாரமே. கேட்போரும் பெரும்பாலும் அவர்களே. எனவே பழைய தாளைத் தூசி தட்டி எடுக்கும் ஆசை, உழைப்பில் சோர்ந்த அருளுரையாளர்க்கு எழுவது இயல்பு. எழுந்த ஆசை நிறைவேறியும் விடுகிறது. பனி பொழியும் இரவு, நடுங்கும் குழந்தை, மூச்சால் அதற்குச் சூடேற்றும் காளையும் கழுதையும் என அதே சித்திரம் ஆண்டுதோறும் வரும். லூக்கா பனியைச் சொல்லவில்லை, பருவத்தையே சொல்லவில்லை. காளையும் கழுதையும் அவர் எழுத்தில் இல்லை. ஏசாயாவின் முதல் அதிகாரத்திலிருந்து பிற்காலத்தார் கொண்டுவந்து கட்டியவை அவை. மார்கழிக் குளிரையேனும் அறிந்த தமிழகத்தில் இச்சித்திரம் ஒருவாறு பொருந்தலாம். செரண்டா, பத்தாங் காலி, கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் ஆண்டிறுதி என்றால் மழை. மழை என்றால் மரம் வெட்ட முடியாத நாள். அம்மக்களிடம் பனியைப் பற்றிப் பேசுவது, பாடநூலில் இல்லாததை மாணவர்க்கு நடத்துவது போன்றது.

லூக்கா சொல்லியிருப்பது வேறு. ஒரு பேரரசன் குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்டான். அக்கட்டளைக்காக ஒரு தச்சனும் நிறைமாதப் பெண்ணும் ஊர்விட்டு ஊர் நடந்தனர். தங்க இடமில்லை. கதையின் முதுகெலும்பே பதிவேடுதான். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்துப் பழகியவர்க்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பின், குடியுரிமை இல்லாத தொழிலாளி வேலை அனுமதிச் சீட்டுக்கு அலைந்ததை முதியோர் மறந்திலர். பின்னர் ரப்பர் சாய்ந்து செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போயின, லயங்கள் இடிபட்டன. இடமில்லை என்னும் சொல்லின் கனத்தை அறிந்த மக்கள் முன் நின்று, அந்த வசனத்தை ஒரே மூச்சில் கடந்து, உள்ளத்தில் இடம் கொடுப்போம் என்னும் உருவகத்துக்குத் தாவும் அருளுரையை எப்படி மதிப்பிடுவது? உருவகம் பிழையன்று. ஆனால் இடமில்லாதவன் அங்கேயே அமர்ந்திருக்கிறான். அவனைத் தாண்டித்தான் அந்த உருவகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

நாள்காட்டி இதனினும் கடுமையானது. டிசம்பர் 26 கல்லெறியுண்டு மாண்ட ஸ்தேவானின் நாள். 28 ஏரோது கொன்ற குழந்தைகளின் நாள். பிறப்பின் அருகிலேயே சாவை வைத்தவர்கள் அறியாது வைத்திலர். தமிழ் அருளுரைகளோ பெரும்பாலும் 25ஆம் நாள் இனிப்போடு முடிந்து, புத்தாண்டு வாழ்த்தில் மீண்டும் வாய் திறக்கின்றன. ஆண்டுத் திட்டம் கைவசம் இருப்பவர் இதைத் தவறவிடார். பிறப்புவிழாவன்று அனைத்தையும் கொட்டிவிடும் அவசரமும் அவர்க்கு இராது. ஏரோதுக்கு ஒரு நாள் உண்டு, கீழ்த்திசை ஞானியர்க்கு ஒரு நாள் உண்டு என்பதை அவர் அறிவார்.

திட்டமிட்ட அருளுரையின் வலிமையை நன்குணர்ந்தவர் சமயத்துக்கு வெளியிலும் இருந்தனர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த காலத்தில் மெதடிஸ்தரின் சொற்பொழிவு முறையைக் கூர்ந்து கண்டவர். 1847 டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அது வெள்ளிதோறும் தொடர்ந்தது. சபையின் மேடையிலிருந்து கோயில் மண்டபத்துக்குச் சென்ற இந்த வடிவம் தமிழ் உரைநடைக்குச் செய்த நன்மை தனியே ஆராயத்தக்கது. தோட்டங்களுக்குக் குருவானவர் வரும் ஞாயிறுகள் சிலவே. மற்ற நாள்களில் செபம் நடத்தியவர் உபதேசியார். அத்தகையோர்க்கென்றே வீரமாமுனிவர் 1727இல் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். 'தேம்பாவணி' பாடிய புலவரே உபதேசியார்க்கு எளிய உரைநடையில் எழுத முன்வந்தார் என்பது, இரண்டும் வேறுவேறு பணிகள் என அவர் தெளிந்திருந்ததைக் காட்டும். இன்றைய மேடையில் அத்தெளிவு குறைவு. அடுக்குமொழியும் எதுகையும் மிகுந்தால் உரை சிறந்தது என மயங்குவோர் பலர்.

சொல்தேர்வைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். 1871ஆம் ஆண்டு வெளிவந்த மொழிபெயர்ப்பு குழந்தை கிடந்த இடத்தை 'முன்னணை' என்றது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'தீவனத் தொட்டி' என்கிறது. முன்னது இனியது, ஆயின் இன்றைய மாணவரிடம் பொருள் கேட்டால் விடை வாராது. பின்னது லயத்துக்குப் பின்னால் மாடு கட்டி வாழ்ந்த குடும்பங்களின் கண்முன் நிற்பது. இவ்விடத்தில் புதியதே வென்றது. பகல் வழிபாட்டில் படிக்கப்படும் யோவானின் முதல் அதிகாரத்திலோ வழக்கு அவ்வளவு எளிதில் தீர்வதன்று. பழைய மொழிபெயர்ப்பில் 'வார்த்தை', புதியதில் 'வாக்கு'. வாக்கு என்பதில் வாக்குறுதியின் சாயலும் உண்டு. கொடுத்த வாக்கு என்னும் வழக்கும் உண்டு. வார்த்தைக்கு அது இல்லை. அருளுரையாளர் பலர் இரண்டையும் ஒரே மூச்சில், ஒன்றுக்கு மற்றொன்று ஈடு என்பதுபோல் ஆளுகின்றனர். எதைச் சொன்னால் தம் முன் இருப்போர்க்கு எது கேட்கும் என்பதைத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே அமர்ந்து எண்ணிப் பார்க்க, அவர்களுக்கு நான்கு வாரங்கள் இருக்கின்றன.