குரங்கு என்னும் ஒரு சொல்

மனிதன் குரங்கிலிருந்து பிறந்தான் என்று டார்வின் சொன்னதாகத் தமிழில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. நம் தோழர்களும் மேடையில் இதையே பெருமையோடு பேசுகிறார்கள். எதிர்ப்பவர்களோ, “அப்படியானால் தண்ணீர்மலைக் குரங்கு ஏன் இன்னும் மனிதனாகவில்லை?” என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கேள்வி அசட்டுத்தனமானதுதான். ஆனால் அதற்கு இடங்கொடுத்தது நம்முடைய மொழிபெயர்ப்பே என்பது நமது அபிப்பிராயம்.

1871-ல் வெளியிட்ட நூலில் டார்வின், நம் மூதாதையை இன்று உயிரோடிருக்கும் எந்தக் குரங்கோடும் ஒன்றாக எண்ணிவிடலாகாது என்று எச்சரித்தே இருக்கிறார். மனிதனும் சிம்பன்சியும் சுமார் 60, 70 லட்சம் வருஷங்களுக்கு முன் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த இரு கிளைகள். தண்ணீர்மலையில் வாழைப்பழம் பறித்தோடும் கெராவின் கிளையோ அதற்கும் வெகு முன்பே, இரண்டு கோடி வருஷங்களுக்கும் அப்பால், பிரிந்துவிட்டது. அதனை நம் முன்னோன் என்பது தூரத்துப் பங்காளியைப் பாட்டன் என்றழைப்பது போலாகும்.

தமிழ் இவ்விஷயத்தில் ஏழை மொழியன்று. தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்றாகப் பிரித்து, மூன்றின் பெண்ணுக்கும் மந்தி என்ற பெயரைத் தருகிறது. மக்கட்குரிய குழவி, மகவு என்னும் இரண்டு இளமைப் பெயர்களும் அங்கே குரங்கினத்துக்கும் உண்டு. இதைக் கண்டவுடன், டார்வினுக்கு முன்பே நாம் அறிந்திருந்தோம் என்று முழங்கச் சிலருக்கு நாக்குத் துடிக்கும். குழவி என்ற பெயர் யானைக்கும் எருமைக்குங்கூட அதே இயலில் கொடுக்கப்பட்டிருக்கிறது! அது சொல்வழக்கைத் தொகுத்த நூல். பரிணாம சாஸ்திரம் அன்று.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வாலில்லாத இனம் தமிழ்நாட்டுக் காடுகளில் இல்லை. ஆகவே சொல்லும் பிறக்கவில்லை. மலாய்க்காரர் கெரா, பெரோக், லோத்தோங், ஊங்கா எனக் கண்டதைக் கண்டபடி தனித்தனியே அழைக்கிறார்கள். அவற்றுள் ஊங்காவுக்கு மட்டுமே வால் கிடையாது. தோட்டத்துத் தமிழன் இவ்வித்தியாசத்தைக் கண்ணால் அறிவான். புத்தகத் தமிழனோ ‘மனிதக் குரங்கு’ என்று எழுதி, படிப்பவன் மனத்தில் பாதி மனிதனையும் பாதி விலங்கையும் ஒட்டவைத்துவிடுகிறான். ஊங்கா என்ற சொல்லையே எடுத்து ஆளுவதில் என்ன இழுக்கு? கித்தாவும் கம்பமும் தமிழாகிவிடவில்லையா?

விஞ்ஞானிகளும் பெயரில் இடறியவர்களே. 1891-ல் ஜாவாவில் டுபுவா கண்டெடுத்த எலும்புகளுக்குக் கிரேக்கத்தில் ‘குரங்கு மனிதன்’ என்று பொருள்படும் பெயர் இடப்பட்டது. பின்னர் வந்தோர் அதைத் தள்ளி, மனித இனத்தின் பெயரிலேயே சேர்த்தார்கள். நம்மவர் அந்தத் திருத்தத்தைக் கவனிக்கவில்லை. 2017-ல் செபராங் பிறை, குவார் கெப்பாவில் அகப்பட்ட பெண்ணின் எலும்புக்கூட்டையும் சிலர் ‘ஆதிக் குரங்கு’ என்று பேசக் கேட்டோம். அவள் 5,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவள். சிப்பி தின்று வாழ்ந்து, தன் கூட்டத்தாரால் முறைப்படி புதைக்கப்பட்ட முழு மனுஷி.