கட்சிப் பத்திரிகையும் அரசுப் பத்திரிகையும்

ஜவ்வாது மலையின் காவலூரில் செய்தி பார்க்கிறவருக்கு சன் டி.வி. யார் பக்கம், ஜெயா டி.வி. யார் பக்கம் என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முரசொலி தி.மு.க.வின் குரல், தீக்கதிர் மார்க்சிஸ்ட் கட்சியின் நாளேடு என்பதும் ஊரறிந்தது. பத்திரிகையாளர்களின் அரசியல் சாய்வைக் கண்டிப்பவர்கள் இத்தகைய கட்சி ஊடகங்களையே முதலில் சாடுகிறார்கள். இலங்கையோடு ஒப்பிட்டால், கட்சி ஊடகத்தைவிடப் பெரிய கேடு ஒன்று தெரிகிறது: மக்களின் சொத்தாக இருந்துகொண்டு ஆள்வோருக்கு மட்டும் உழைக்கும் ஊடகம்.

தமிழ்நாட்டில் உறவு முறிந்தால் புதிய ஊடகம் பிறக்கும். 2007 மே மாதம் மதுரை தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் உயிரிழந்தார்கள். கருணாநிதி குடும்பத்துக்கும், சன் டி.வி.யையும் தினகரனையும் நடத்திய மாறன் சகோதரர்களுக்கும் இடையே விரிசல் முற்றியது. செப்டம்பரில் கலைஞர் டி.வி. வந்துவிட்டது. ஜெயலலிதா மறைந்தபின் ஜெயா டி.வி.யும் நமது எம்.ஜி.ஆர். நாளேடும் சசிகலா தரப்பிலேயே நின்றன. அதனால் ஆட்சியிலிருந்த அ.தி.மு.க. 2018இல் நமது அம்மா நாளேட்டையும் நியூஸ் ஜெ. தொலைக்காட்சியையும் தொடங்க வேண்டியிருந்தது. இலங்கையிலோ அரசு ஊடகம் அப்படியே இருக்கும், அதன் குரல் மாறும். அதே பெயர் கொண்ட இலங்கையின் தினகரன் உட்படப் பல ஏடுகளை வெளியிடும் லேக் ஹவுஸ், 1973ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசின் பிடிக்குள் வந்தது. அன்றிலிருந்து ஆட்சி மாறும்போதெல்லாம் அதன் நிர்வாகமும் மாறுகிறது. 2018 அக்டோபர் 26 அன்று மஹிந்த ராஜபக்ஷ திடீரெனப் பிரதமராக்கப்பட்ட இரவே அவருடைய ஆதரவாளர்கள் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினிக்குள் புகுந்தார்கள், ஒளிபரப்பு தடைபட்டது.

ஒரு குடும்பத்தின் ஏகபோகத்தை உடைக்கவே லேக் ஹவுஸ் கையகப்படுத்தப்பட்டது என்பார்கள். நோக்கம் நியாயமானதுதான். ஆனால் 75 சதவீதப் பங்குகளை எடுத்துக்கொண்ட அரசு, அவற்றைப் பரவலாக மக்களுக்குப் பகிர்ந்தளிக்கும் கடமையை நிறைவேற்றவில்லை. கட்சி ஊடகத்தில் வேலை பார்க்கும் செய்தியாளருக்கு மட்டும் சுதந்திரம் உண்டா என்றும் கேட்கலாம். இல்லை, தலைமைக்குப் பிடிக்காத செய்தி அங்கேயும் அச்சேறாது. இருந்தாலும் அதன் சாய்வு வாசகருக்குத் தெரியும், எதிர்த்தரப்பின் ஏடும் அதே கடையில் கிடைக்கும். அரசு ஊடகத்தின் சாய்வுக்கோ, அந்த அரசுக்கு வாக்களிக்காதவரும் வரியாகப் பணம் கட்டுகிறார். இந்தியாவின் தூர்தர்ஷன் மீதும் இதே குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு. அது இந்த வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது.

கட்சிகள் பத்திரிகை நடத்தட்டும். உரிமையாளர் யார் என்பதை மறைக்காமல் நடத்தட்டும். அரசுகள் பத்திரிகை நடத்துவதை நிறுத்தட்டும். பங்குகளைப் பரவலாகப் பகிர்ந்தளிப்பதாக 1973இல் தந்த வாக்கை இலங்கை இனியாவது காப்பாற்ற வேண்டும்.