கோட்டின் பின்னால் போங்கள்

மார்கழி வந்தால் எந்த சபா கேன்டீனில் அடை அவியல் நன்றாக இருக்கும் என்று சொல்லச் சென்னையில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கல்யாணிக்கும் சங்கராபரணத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்கூடக் கச்சேரிக்குப் போகக் கூச்சப்படுவதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் தலையாட்டினால் தானும் ஆட்டுகிறார். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் எழுந்து காபி குடிக்கப் போகிறார். அதே மனிதரை ஓர் ஓவியக் கண்காட்சிக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். "அதெல்லாம் நமக்குப் புரியாதுங்க" என்று கும்பிடு போட்டுவிடுவார். காதுக்கு வேண்டாத பட்டப்படிப்பு கண்ணுக்கு மட்டும் எதற்கு? ஒருவேளை, கேலரிகளில் கேன்டீன் இல்லாததுதான் உண்மையான காரணமோ என்னவோ.

இதைவிட எரிச்சலான கூட்டம் ஒன்று உண்டு. 2012இல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சிக்கு ரயில் ஏறிப் போய், ஆஸ்பின்வால் ஹவுஸ் வாசலில் நின்று படம் எடுத்துப் போடும் கூட்டம். போகட்டும், நல்லதுதான். ஆனால் அவர்களில் எத்தனை பேர் கிரீம்ஸ் சாலையில் இருக்கும் லலித் கலா அகாதெமிக்குள் காலடி வைத்திருப்பார்கள்? ஆயிரம் விளக்கு மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். கிரீம்ஸ் சாலை என்றால் ஆட்டோக்காரருக்கு ஆஸ்பத்திரி மட்டும்தான் ஞாபகம் வருகிறது. அதில் அவர் தப்பு எதுவும் இல்லை.

அடிப்படைகளை மளமளவென்று முடித்துவிடலாம். எங்கே பார்ப்பது? லலித் கலா அகாதெமியில் கண்காட்சிகள் அடுத்தடுத்து மாறிக்கொண்டே இருக்கும். ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். முட்டுக்காட்டில் தட்சிண சித்ரா. நகருக்குள் அப்பாராவ், ஃபோரம், சரளா போன்ற தனியார் கேலரிகள். புகைப்படக்காரர்களுக்கு 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே. எதற்கும் நேரமில்லை என்பவருக்கு மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை, 1959இலிருந்து வெயிலிலும் மழையிலும் காத்திருக்கிறது. எவ்வளவு செலவாகும்? பெரும்பாலான கேலரிகளில் ஒரு பைசாகூட இல்லை. எப்படிப் பார்ப்பது? முதலில் எட்டடி தள்ளி நின்று, பிறகு இரண்டடியில் நின்று. பெயர்ச்சீட்டைக் கடைசியில் படித்தால் போதும். சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் படம் விற்றுவிட்டது. அச்சுப்படத்தின் கீழே பென்சிலில் 3/10 என்று இருந்தால் பத்துப் பிரதிகளில் அது மூன்றாவது. அடிப்படை அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வரலாம். கோடு இரண்டு வகை: ஒன்று வேலிக்கோடு, மற்றது நடைக்கோடு. பாடப்புத்தகங்களில் தேடினால் இந்தப் பெயர்கள் கிடைக்காது. ஆனால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் சென்னை ஓவியத்தில் பாதி தெரிந்த மாதிரி.

வேலிக்கோடு ஒரு பொருளைச் சுற்றி வளைத்து அடைக்கும். மூக்கு இதோடு சரி, இதற்கப்பால் கன்னம் என்று சர்வேயர் மாதிரி கல் நட்டுவிட்டுப் போகும். நடைக்கோட்டுக்கு அடைக்கிற வேலையெல்லாம் தெரியாது. ஓரிடத்தில் கிளம்பி, போகிற போக்கில் புருவமாகி, மூக்காகி, சட்டென்று தடித்து, பிறகு இளைத்து, எங்கோ காணாமல் போகும். எங்கே போயிற்று என்று கண் தேடும். அந்தத் தேடல்தான் ரசனையின் முதல் படி.

இதற்கான பாடம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. ரங்கோலியில் முதலில் பூவின் விளிம்பைப் போட்டுவிட்டு உள்ளே கலர்ப்பொடியை நிரப்புகிறார்கள். அது வேலி. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளிகளைத் தொடாமல், அவற்றைச் சுற்றிச் சுற்றி வளைந்து, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்கிறது. அது நடை. சிக்குக் கோலத்தை அசையாமல் நின்று பார்க்க முடியாது. கண் தானாகவே அதன் பின்னால் ஓடும். எந்தப் பாட்டியும் இதற்காகக் கலைக் கல்லூரியில் சேர்ந்ததில்லை. பள்ளிக்கூடம்தான் "கோட்டைத் தாண்டாமல் கலர் அடி" என்று மிரட்டி மிரட்டி, பிள்ளைகளுக்கு வேலியை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டது. ஸ்டிக்கர் கோலம் ஒட்டுகிற வீடுகளைப் பற்றி இங்கே பேசாமல் இருப்பது மரியாதை.

சென்னைக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. 1929இல் ராய் சௌத்ரி அதன் தலைமைக்கு வந்தார். அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர். நவீனமாகவும் இருக்க வேண்டும், பாரிஸைக் காப்பியடிக்கவும் கூடாது, என்ன செய்வது? அந்தத் தலைமுறைக்கு விடை கோட்டில் கிடைத்தது. பின்னாளில் 'மெட்ராஸ் இயக்கம்' என்று பெயர் பெற்ற ஓவியர்களின் அடையாளமே அதுதான்.

பணிக்கர் 1963வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பாருங்கள். ஜாதகக் கட்டங்கள் போலவும் ஏட்டுச்சுவடி போலவும் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். படிக்க முயன்றால் ஒரு வரிகூட ஓடாது, ஏனென்றால் அவை படிப்பதற்கான எழுத்துகளே அல்ல. கையெழுத்து நடக்கும் நடையை மட்டும் வைத்துக்கொண்டு பொருளை உதறிவிட்டார் மனிதர். பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டின் மேல் கம்பியைப் பற்றவைத்துச் சிற்பத்திலேயே கோடு போட்டார். இளம் வயதிலேயே மறைந்த கே. ராமானுஜம், மாளிகைகளும் நாகங்களும் தொப்பி போட்ட மனிதருமாக ஒரு கனவு ராஜ்ஜியத்தையே மசியில் இழைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஓவியர் ஆதிமூலம். 1969இல், காந்தி நூற்றாண்டை ஒட்டி, கறுப்பு வெள்ளையில் அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடி ஓடித்தான் முகமே பிறக்கிறது. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது கூடவே ஆதிமூலத்தின் கோடுகளும் வீட்டுக்கு வந்தன. "எங்களுக்கு மாடர்ன் ஆர்ட் புரியாது" என்ற குடும்பங்கள் வாராவாரம் அதைக் காசு கொடுத்து வாங்கியிருக்கின்றன! பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டும் இருக்கின்றன.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. படத்தில் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து, அது எங்கே கிளம்புகிறது, எங்கே முடிகிறது என்று கண்ணால் ஓட்டிப் பார்க்க வேண்டும். வழியில் அதன் கனம் மாறுகிறதா? கை எங்கே வேகமெடுத்தது, எங்கே தயங்கியது என்று தெரிகிறதா? தெரிந்தால் நடை. ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே கனத்தில் பைப்லைன் போலப் போனால் வேலி. வேலிக்கோட்டிலும் நல்ல படம் உண்டு என்று நியாயவான்கள் சொல்வார்கள். உண்டு, குறைவு.

வண்ணம் எங்கே, வெளி எங்கே, கரு எங்கே என்று விமர்சகர்கள் சண்டைக்கு வரலாம். கண்ணகி நகருக்குப் போனால் அவர்கள் கட்சி ஜெயிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை 2000 முதல் குடியமர்த்திய அந்தப் பகுதியில், ஸ்டார்ட் இந்தியா அமைப்பு 2020இல் குடியிருப்புகளின் பக்கச்சுவர் முழுக்கப் பெரிய பெரிய ஓவியங்களைக் கொண்டுவந்தது. அங்கே வேலை செய்வது நிறமும் பிரம்மாண்டமும். கோட்டுக்கட்சிக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு அண்ணாந்து பார்க்கலாம்.

ஆனால் இந்த விமர்சகர்களின் கேட்லாக் கட்டுரைகளை மட்டும் மன்னிக்க முடியாது. 'இருத்தலின் ஆழ்மனத் தேடல்' என்று ஒரு வாக்கியம். பெயரை மாற்றினால் எந்த ஓவியருக்கும் பொருந்தும், பல் ஆஸ்பத்திரித் திறப்பு விழாவுக்கும் பொருந்தும். வான்கோவின் ஓவியங்களைச் சுவரிலும் தரையிலும் வெளிச்சமாக ஓடவிட்டு டிக்கெட் போடும் காட்சிகள் இன்னொரு கொடுமை. வான்கோவின் தூரிகைத் தடத்தில் வண்ணம் வரப்பு மாதிரி மேடாக நிற்கும். அந்த மேட்டைத் தட்டையாக்கிவிட்டு அதற்குள் நின்று செல்ஃபி எடுப்பது ஓவியம் பார்ப்பது ஆகாது. சோபா நிறத்துக்குப் பொருத்தமாகப் புத்தர் முகம் தேடுபவர்கள் கர்ட்டன் கடைக்குப் போனாலே போதும்.

ஒரு விஷயத்தை மெல்லச் சொல்ல வேண்டும். திறப்பு விழாவுக்குப் போகாதீர்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, பிரமுகர் பேச்சு, சமோசா எல்லாம் இருக்கும். படத்துக்கு எல்லோரும் முதுகு காட்டிக்கொண்டு நிற்பார்கள். செவ்வாய் புதன் மத்தியானம் மூன்று மணிக்குப் போங்கள். காலி ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் அவர்தான் ஓவியர்.

அவர் அங்கே வந்து உட்கார்ந்த கதை பலருக்குத் தெரியாது. ஹால் வாடகை, பிரேம், அழைப்பிதழ், படங்களை ஏற்றி வந்த டெம்போ என்று எல்லாம் பல சமயம் அவர் கைக்காசு. இந்த ஊரில் ஓவியருக்கு வாய்ப்பே இல்லை என்று சொல்ல முடியாது. லலித் கலா அகாதெமியில் எட்சிங், சிற்பம், செராமிக் வேலைகளுக்குப் பட்டறைகள் இருக்கின்றன. மாநில ஓவிய நுண்கலைக் குழுவின் பரிசுகள், அகாதெமியின் தேசியக் கண்காட்சி, கொச்சியின் மாணவர் பினாலே என்று விண்ணப்பிக்கவும் வழிகள் உண்டு. இல்லாதது பார்க்க வருகிற ஆள். 1966இல் சோழமண்டலம் உருவானபோது பணிக்கரும் தோழர்களும் படம் விற்றுப் பிழைக்க முடியும் என்று நம்பியிருக்கவில்லை. பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் அந்த நிலத்தில் காலூன்றினார்கள். இன்றைய இளைஞர் பகலில் டிசைன் கம்பெனியில் லோகோ போட்டுவிட்டு ராத்திரியில் கேன்வாஸ் முன்னால் உட்காருகிறார்.

அவரிடம் "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்க வேண்டாம். "இந்தக் கோட்டை எங்கிருந்து ஆரம்பிச்சீங்க?" என்று கேளுங்கள். போன் கீழே போய்விடும். அடுத்த அரைமணி நேரம் பேச்சு ஓடும். கிளம்பும்போது வாசல் மேஜையில் கருத்துப் பதிவேடு இருக்கும். 'சூப்பர்', 'வாழ்த்துகள்' என்று எழுதிப் பக்கத்தை நிரப்பாமல், எந்தப் படம், அதில் எந்த இடம் பிடித்தது என்று இரண்டு வரி எழுதிவிட்டு வாருங்கள். ஹாலைப் பூட்டுவதற்கு முன்னால் அவர் அதை எடுத்துப் படிப்பார்.